படிக்கும் வயதில் சிறுநீரகச் செயலிழப்பு: செலவை ஏற்றவர்களின் வரலாறு

இரண்டு சிறுநீரகங்களும் நிரந்தரமாகச் செயலிழந்தால் மனிதர் சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிடுவார். 1960 வரை உலகெங்கும் இதுதான் நிலைமை. 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் இரட்டையரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டு வெற்றி கண்டது உண்மையே. ஆனால் உருவொத்த இரட்டையர் இல்லாத எவருக்கும் அந்த வழி அன்று திறக்கவில்லை. இந்த நோயின் முன் செல்வந்தரும் வறியவரும் ஒன்றாகவே நின்றார்கள். சிகிச்சையே இல்லாததால் சிகிச்சைச் செலவு என்ற பேச்சும் எழவில்லை. உயிரைத் தக்கவைக்கும் வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அதற்குப் பணம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி பிறந்தது. அரசுகளும் மருத்துவமனைகளும் அதற்குப் பல விடைகளைக் கண்டன. அந்த விடைகளில் பெரும்பாலானவை சம்பாதிக்கும் வயதினரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இன்னும் சம்பாதிக்கத் தொடங்காத, படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் நோயாளியானபோது அவை எப்படிப் பொருந்தின, எங்கே பொருந்தாமல் போயின என்பது தனியே பார்க்க வேண்டிய வரலாறு.

கருவி வந்த கதை

நடைமுறைக்கு உகந்த செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கியவர் நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப். நாஜிப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்த காம்பன் என்ற சிற்றூரில், 1943இல், இறைச்சிப் பண்டங்களுக்கு உறையாகப் பயன்பட்ட செலோஃபேன் குழாயைச் சுழலும் உருளை ஒன்றில் சுற்றி அவர் அதை அமைத்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இறந்தனர். 1945இல் 67 வயதுப் பெண் ஒருவர் பிழைத்தார். அது தற்காலிகச் செயலிழப்பு. சில நாட்கள் கருவி உதவினால் சிறுநீரகம் தானே மீண்டுவிடும் வகை அது.

நிரந்தரச் செயலிழப்புக்கு அந்தக் கருவி பயன்படாமைக்குக் காரணம் எளிமையானது. ஒவ்வொரு முறை ரத்தத்தைச் சுத்திகரிக்கும்போதும் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் வெட்டித் திறக்க வேண்டும். சில முறைகளிலேயே திறக்க ரத்தக்குழாய் இல்லாமல் போய்விடும். இந்தத் தடையை உடைத்தவர் சியாட்டில் நகர மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர். தமனியையும் சிரையையும் கைக்கு வெளியே இணைத்து நிரந்தரமாக இருக்கும் டெஃப்லான் குழாய் ஒன்றை 1960இல் அவர் குழுவினர் உருவாக்கினர். ரத்தம் ஒட்டாத அந்தப் பொருள் நாம் இன்று தோசைக்கல்லில் பூசியிருப்பதைப் பார்க்கும் அதே பொருள்தான். அவ்வாண்டு மார்ச் மாதம் முதன்முதலாக அக்குழாய் பொருத்தப்பட்டவர் கிளைடு ஷீல்ட்ஸ் என்ற போயிங் தொழிற்சாலை இயந்திரத் தொழிலாளி. அடுத்த 11 ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார்.

சியாட்டிலின் குழு

1962 ஜனவரியில் சியாட்டிலில், மருத்துவமனையில் தங்காமலே டயாலிசிஸ் செய்துகொள்ளும் முதல் மையம் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் சில படுக்கைகளே இருந்தன. ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் செலவானது. இதைச் சோதனைச் சிகிச்சை என்று கருதிய காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. காத்திருந்தவர்களோ பலர். எனவே முதலில் மருத்துவர் குழு ஒன்று உடல்நிலையைப் பார்த்து வடிகட்டியது. அதற்குப் பிறகும் எஞ்சியவர்களில் எவருக்கு இடம் என்பதை ஏழு பேர் கொண்ட இன்னொரு குழு முடிவு செய்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அலுவலர், ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். அவர்களுடைய பெயர்கள் வெளியிடப்படவில்லை.

1962 நவம்பரில் 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை இந்தக் குழுவை நாடறியச் செய்தது. வயது, மணநிலை, நம்பியிருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை, வருமானம், சொத்து, கல்வி, தொழில், எதிர்காலத்தில் எந்த அளவு பயன்படுவார் என்ற கணிப்பு ஆகியவை அவர்கள் எடைபோட்டவை. வேறு மாநிலத்தவர் கிடையாது, 45 வயதைக் கடந்தவர்கள் கிடையாது, சிறுவர்களும் கிடையாது. பிற்காலத்தில் இது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. நடுத்தர வர்க்கத்தினர் தம்மைப் போன்றவர்களையே தேர்ந்தெடுத்தார்கள் என்று சட்ட அறிஞர்கள் எழுதினார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. ஆனால் குழுவினர் கொடியவர்கள் அல்லர். இருக்கும் இடங்களைவிடத் தேவை பல மடங்கு அதிகமாக இருந்த ஓர் ஊரில், வேறு எவரும் செய்ய விரும்பாத வேலையை அவர்கள் செய்தார்கள்.

இந்தப் பட்டியலை மாணவரின் கண்ணோட்டத்தில் படித்தால் வேறொன்று தெரியும். அதில் உள்ள தகுதிகளில் பெரும்பாலானவை காலத்தால் சேர்பவை. மனைவி, மக்கள், சொத்து, தொழிலில் பெயர் ஆகியவற்றில் எதுவும் பதினெட்டு வயதில் ஒருவரிடம் இருக்காது. எதிர்காலப் பயன் என்ற ஒரே ஓர் இனத்தில்தான் மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும். அதுவும் இன்னும் நிரூபிக்கப்படாத ஒன்று.

வீட்டுக்குப் போன கருவி

1964இல் சியாட்டிலைச் சேர்ந்த, பதினாறு வயதை எட்டாத ஒரு பள்ளி மாணவிக்கு இந்த நிலை நேர்ந்தது. லூபஸ் நோயால் அவரது சிறுநீரகங்கள் செயலிழந்தன. குழுவின் விதிகளின்படி மையத்தில் அவருக்கு இடமில்லை. அவர் தந்தையின் நண்பர் ஆல்பர்ட் பாப், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அணுசக்திப் பொறியியல் பேராசிரியர். ஸ்கிரிப்னருடன் ஏற்கெனவே பணியாற்றிவந்த அவர், தம் குழுவினருடன் சில மாதங்களுக்குள் வீட்டில் வைக்கக்கூடிய ஒரு கருவியை வடிவமைத்தார். டயாலிசிஸ் திரவத்தைத் தானே கலந்து, கோளாறு நேர்ந்தால் தானே எச்சரிக்கும் கருவி அது. இன்று மருத்துவமனைகளில் காணும் டயாலிசிஸ் இயந்திரங்களின் மூதாதை என்று அதைச் சொல்லலாம்.

தாயின் உதவியோடு மாணவி இரவில் வீட்டிலேயே சிகிச்சை செய்துகொண்டார். பகல் அவருடையதாக இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்தார், கல்லூரியிலும் சேர்ந்தார். 1968இல் லூபஸ் நோயின் விளைவுகளால் இறந்தார்.

இந்நிகழ்வு பொறியியல் சாதனையாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. செலவின் வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு. டயாலிசிஸுக்கு இரண்டு விலைகள் இருக்கின்றன. ஒன்று பணம். மற்றொன்று நேரம். சம்பளம் வாங்குபவருக்கு நேர இழப்பை ஊதிய இழப்பாகக் கணக்கிட்டு ஈடு செய்யலாம். மாணவருக்கு அது வகுப்பாக, செய்முறைப் பயிற்சியாக, பருவத் தேர்வாக இழப்பாகிறது. அந்த இழப்பைப் பணமாக மாற்ற வழியில்லை. இரவையும் வீட்டையும் பயன்படுத்திக்கொண்ட அந்தக் கருவி இரண்டாவது விலையைக் குறைத்தது.

சட்டம் ஏற்ற செலவு

1960களில் அமெரிக்காவில் நிதி திரட்டுவதற்காகத் தேவாலயங்களிலும் ஊர்மன்றங்களிலும் கூட்டங்கள் நடந்தன. வீடுகள் விற்கப்பட்டன. 1971 நவம்பர் 4 அன்று ஷெப் கிளேசர் என்ற 43 வயது நோயாளி, வாஷிங்டனில் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னிலையிலேயே சில நிமிடங்கள் டயாலிசிஸ் செய்துகொண்டார். அவருடைய மருத்துவர்கள் சிலர் இந்த முயற்சி ஆபத்தானது என்று அஞ்சினார்கள். சட்டம் நிறைவேறியதற்கு அந்தக் காட்சி எவ்வளவு காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. திரைமறைவில் பல ஆண்டுகளாக உழைத்த மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். எப்படியாயினும், 1972 அக்டோபர் 30 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம், 1973 ஜூலை 1 முதல், வயது வேறுபாடின்றிச் சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைச் செலவை மெடிகேர் திட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. முதியோருக்கென உருவான ஒரு திட்டம் ஒரு குறிப்பிட்ட நோய்க்காக எல்லா வயதினருக்கும் திறக்கப்பட்டது.

எல்லோருக்கும் என்று சொன்னாலும் அதற்குள் ஒரு நிபந்தனை இருந்தது. உழைத்துச் சமூகக் காப்பு வரி செலுத்தியிருக்க வேண்டும். அல்லது அப்படிச் செலுத்தியவரின் வாழ்க்கைத் துணையாகவோ அவரைச் சார்ந்த பிள்ளையாகவோ இருக்க வேண்டும். மாணவர் பெரும்பாலும் தந்தை அல்லது தாயின் உழைப்பின் பெயரால்தான் உள்ளே வந்தார்.

மற்றொரு விளைவை எவரும் திட்டமிடவில்லை. சட்டம் வருவதற்கு முன், மையங்களில் இடமும் பணமும் இல்லாத காரணத்தால், அமெரிக்க நோயாளிகளில் பத்தில் ஏறத்தாழ நான்கு பேர் வீட்டில் டயாலிசிஸ் செய்துவந்தார்கள். அரசு பணம் தரத் தொடங்கியதும் இலாப நோக்குடைய மையங்கள் பெருகின. வீட்டு டயாலிசிஸ் வேகமாகச் சரிந்தது. பணச் சுமை இறங்கியது. பகல் பொழுது மையத்துக்குப் போனது.

சிறுநீரக மாற்று சிகிச்சையில் இன்னும் வியப்பான ஒரு முரண் நிகழ்ந்தது. புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க ஆயுள் முழுதும் மருந்து சாப்பிட வேண்டும். 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சைக்ளோஸ்போரின் மாற்றுச் சிகிச்சையின் வெற்றியைப் பெரிதும் உயர்த்தியது. விலையும் உயர்ந்ததாக இருந்தது. ஆனால் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, வேறு ஊனம் இல்லாவிட்டால், மாற்று அறுவை முடிந்து 36 மாதங்களில் மெடிகேர் உதவி நின்றுவிடும். மூன்று ஆண்டுகளில் நோயாளி குணமடைந்து, வேலை தேடி, வேலை தரும் நிறுவனத்தின் காப்பீட்டைப் பெற்றுவிடுவார் என்பது விதியை எழுதியவர்களின் எண்ணம். பதினெட்டு வயதில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு 36 மாதங்கள் முடியும்போது இருபத்தொன்று வயது. பலர் அப்போதும் கல்லூரியில் இருப்பார்கள். மருந்து வாங்க முடியாமல் அளவைக் குறைத்தவர்கள், நிறுத்தியவர்கள் சிறுநீரகத்தை இழந்தார்கள். இழந்தவுடன் டயாலிசிஸுக்கு மெடிகேர் மறுபடியும் பணம் கொடுத்தது. மருந்தைவிட டயாலிசிஸ் பல மடங்கு செலவு மிக்கது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும் விதியை மாற்றப் பல ஆண்டுகள் ஆயின. 2020 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் வேறு காப்பீடு இல்லாதவர்களுக்கு மருந்து உதவி காலவரம்பின்றி நீடிக்கிறது.

வேலூரும் வில்லிவாக்கமும்

கிளேசர் நாடாளுமன்றக் குழுவின் முன் அமர்ந்த அதே 1971இல்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. தொழில்நுட்பம் பெரிய கால இடைவெளி இல்லாமல் வந்துசேர்ந்தது. அமெரிக்காவின் 1972 சட்டத்தைப் போன்ற ஒன்று வரவில்லை. செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுந்தது. நகை, நிலம், கடைசியில் வட்டிக் கடன் என்ற வரிசை தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நன்கு பழகியது. பிள்ளையின் படிப்புக்கென்று வைத்திருந்த பணம் முதலில் கரையும். பிறகு படிப்பே நிற்கும்.

பொதுமக்களிடையே சிறுநீரக மாற்று என்ற சொல் பரவலானது 1984இல். அப்போதைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, பின்னர் நியூயார்க்கின் புரூக்ளினுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருக்குச் சிறுநீரகம் அளித்தவர் அவர் அண்ணன் மகள் லீலாவதி. அதே ஆண்டுகளில் சென்னை வில்லிவாக்கத்துக்கு வேறொரு பெயர் கிடைத்தது. சிறுநீரகம் விற்றவர்கள் அங்கே மிகுதியாக இருந்ததால் அதைக் 'கிட்னிவாக்கம்' என்றார்கள். 1994இல் மத்திய அரசு மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றி உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியது.

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் நடத்திய ஆய்வு ஒன்று அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனை அடைக்கவே விற்றிருந்தார்கள். சராசரியாகக் கிடைத்தது 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. முக்கால்வாசிப் பேர் ஆய்வின்போதும் கடனில்தான் இருந்தார்கள். வாங்கிய குடும்பங்களில் எத்தனை அதற்காகக் கடன்பட்டன என்று இந்த ஆய்வு கேட்கவில்லை. அது அதன் நோக்கமும் அன்று. ஆனால் ஒரு கடன் தீர இன்னொரு கடன் பிறந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சட்டம் வந்த பின் மாணவ நோயாளிக்கு உறுப்பு தரக்கூடியவர்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தார்கள். தந்தை, தாய், உடன்பிறந்தோர் ஆகியோர் சட்டப்படி நெருங்கிய உறவினர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் சேர்ந்தார்கள். இந்தியாவில் உயிரோடிருந்து சிறுநீரகம் தருபவர்களில் பெண்களே மிகுதி. தந்தையின் வருமானம் நின்றுவிடக் கூடாது என்ற கணக்கில் தாய் முன்வருவது வழக்கமாகிவிட்டது. தாயின் கூலியும் வீட்டு வேலையும் எந்த மருத்துவமனை ரசீதிலும் வருவதில்லை. இறந்தவர்களின் உறுப்புகளை முறையாகப் பகிரும் திட்டத்தைத் தமிழ்நாடு 2008இல் தொடங்கியது. அது நாட்டுக்கே முன்மாதிரியாகப் பேசப்படுகிறது. ஆயினும் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. காத்திருக்கும் காலமெல்லாம் டயாலிசிஸ்தான்.

காப்பீட்டு அட்டை

2009 ஜூலையில் தமிழ்நாடு அரசு கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 2012 ஜனவரியில் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. டயாலிசிஸும் சிறுநீரக மாற்றும் இதன்கீழ் வந்ததால் மாவட்டத் தலைநகரங்களிலேயே பலருக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைத்தது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இருபது ஆண்டுகளுக்கு முன் மூன்றே மாதங்களில் பணம் தீர்ந்து சிகிச்சையை நிறுத்திய குடும்பங்கள் ஏராளம்.

அட்டை குடும்பத்தின் பெயரில் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் முதலில் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. பின்னர் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். தந்தை தனியார் நிறுவனமொன்றில் பதினைந்தாயிரம் சம்பளம் வாங்கினால் மகனோ மகளோ அந்த வரம்புக்கு வெளியே நிற்பார். இ.எஸ்.ஐ. திட்டத்தில் தந்தையின் நிறுவனம் பதிவு செய்திருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் விழ வேண்டியதுதான். அமெரிக்கச் சட்டம் தந்தையின் உழைப்பைக் கேட்டது. இங்கே கேட்கப்படுவது தந்தையின் வறுமை. மாணவரின் சொந்த நிலை இரண்டிலும் கணக்கில் இல்லை.

2016 பிப்ரவரி 29 அன்று நிதியமைச்சர் அருண் ஜேட்லி தமது வரவுசெலவுத் திட்ட உரையில் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தார். ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாக இறுதிநிலைச் சிறுநீரக நோயாளிகளாகிறார்கள், அவர்களால் 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன, நாட்டிலுள்ள சுமார் 4,950 மையங்களால் பாதித் தேவையே நிறைவேறுகிறது என்றார். ஓர் அமர்வுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேல் ஆகிறது என்றும், பயணச் செலவும் கூலி இழப்பும் அதற்கு மேல் என்றும் குறிப்பிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஜேட்லியே சிறுநீரக மாற்று அறுவை செய்துகொள்ள நேர்ந்தது.

பயணத்தையும் கூலியையும் ஒரு நிதியமைச்சர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது முக்கியமானது. படிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 156 அமர்வுகள். போய்வரும் நேரமும் முடிந்த பின் வரும் களைப்பும் சேர்ந்து ஒவ்வொரு அமர்வும் ஒரு நாளை விழுங்கும். வாரத்தில் ஐந்து நாள் நடக்கும் கல்லூரியில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் போய்விடும். தேர்வெழுதப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்பது 75 விழுக்காடு வருகை. குறைந்தால் மருத்துவச் சான்றிதழும் காண்டொனேஷன் கட்டணமும் கொடுத்து ஓரளவு சரிக்கட்டலாம். அந்தச் சலுகை டைபாய்டு வந்து மூன்று வாரம் படுத்தவருக்காக ஏற்பட்டது. ஆண்டு முழுவதும் வாரத்தில் பாதி நாள் வராதவரை அது காப்பாற்றாது. மையத்தில் மாலை நேரமோ இரவு நேரமோ ஒதுக்கினால் சிக்கல் பெரிதும் தீரும். ஆனால் நேர ஒதுக்கீட்டில் முதலில் வந்தவருக்கே முதலிடம். மாணவர் என்பதற்குத் தனி வரிசை கிடையாது.

வயிற்றுவழி முறை

இரத்தத்தை வெளியே எடுக்காமல் வயிற்றறைக்குள் திரவத்தைச் செலுத்தி வடிக்கும் தொடர் வயிற்றுவழி டயாலிசிஸ் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவானது. பொதுவாக ஒரு நாளைக்கு நான்கு முறை திரவப் பையை மாற்ற வேண்டும். அதை நோயாளியே செய்துகொள்ளலாம். இயந்திரம் வேண்டாம், மையத்துக்குப் போக வேண்டாம். ஹாங்காங் 1985இலிருந்தும் தாய்லாந்து 2008இலிருந்தும் இந்த முறைக்கே முன்னுரிமை தந்து அரசுச் செலவில் வழங்கின. இந்தியாவில் பைகளின் விலையும் தொற்று பற்றிய அச்சமும் இதைப் பின்னுக்குத் தள்ளின. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுசேர்ப்பதும் ஓர் அங்கம்.

சியாட்டில் மாணவிக்கு 1964இல் கிடைத்ததற்கு மிக அருகில் வருவது இதுதான். நான்கு மாற்றல்களில் மூன்றை வீட்டிலோ விடுதியிலோ முடித்துக்கொள்ளலாம். நண்பகலில் வரும் ஒன்றுக்குக் கல்லூரியில் அரைமணி நேரம் வேண்டும். அதற்குத் தேவைப்படுபவை காற்றாடியை நிறுத்திக் கதவைச் சாத்தக்கூடிய சுத்தமான ஓர் அறை, சோப்பு போட்டுக் கைகழுவ ஓடும் தண்ணீர், பையைத் தொங்கவிடத் தோளுக்கு மேல் உயரத்தில் ஓர் ஆணி.